கீழ் நட்டில் ஒரு சிவப்பு

நாலாவது சுற்று, எண்ணெய்ச் சூடு தொண்ணூற்றாறு டிகிரி. மூன்றாவதிலும் அதே தொண்ணூற்றாறு. டேப்லெட் திரையில் வெயில் விழாமல் தொப்பியைக் கழற்றி மறைத்துக்கொண்டு பார்க்கிறேன், எண் அசையவில்லை, அசைய வேண்டிய அவசியம் அதற்கு இல்லை, போன வருஷம் இதே டிராக்கில் இதே வண்டி இதே இன்ஜின் நாலாவது சுற்றில் நூற்றிருபத்தெட்டு காட்டியது, ஒன்பதாவது சுற்றில் நூற்று நாற்பதைத் தொட்டது, அப்புறம் தூரத்துத் திருப்பத்தில் ஒரு கிறீச், அவ்வளவுதான், எண்ணெய் தண்ணீராக இளகிப்போய் இரும்பும் இரும்பும் நேருக்கு நேர் உரசிக்கொண்டு இன்ஜின் பிடித்துப்போனது. அன்றைக்கே சொன்னேன். எண்ணெயை ஆற்றுகிற கூலர் சின்னது, அது இருக்கிற இடமும் தப்பு, ரேடியேட்டருக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தால் ரேடியேட்டர் சூடாக்கி அனுப்பின காற்றைத்தானே அது குடிக்கும், ஒருத்தர் குளித்த தண்ணீரில் இன்னொருத்தரைக் குளிக்கச் சொல்வது மாதிரி என்றேன். சிரித்தார்கள். எண்ணெய் ஓடுகிற குழாய் வரிசை பத்து போதும் என்றார்கள், பத்தொன்பது வேண்டும் என்றேன். வண்டியின் இடது பக்கக் கூட்டுக்குள் தனி இடம், தனிக் காற்றுப் பாதை, நடுவில் எண்ணெய் சூடேறும் வரை கூலருக்குப் போகவிடாத ஒரு தெர்மோஸ்டாட். நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு, எங்க மாமா லாரியிலகூட மெக்கானிக் அதைக் கழட்டித் தூர வீசிட்டாரு என்றான் சிபி. அதனால்தான் உங்கள் மாமா லாரி புகையடித்துக்கொண்டு போகிறது என்றேன். இதைச் செய்து முடிக்க ஆறு மாதம். இன்றைக்குப் பதினைந்து சுற்று, நடுவில் நிற்காமல், நூற்றுப்பத்தைத் தாண்டாமல் ஓடினால் எங்கள் பேராசிரியர் அர்த்தநாரி சார் அனுமதிக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவார், பிப்ரவரிப் போட்டிக்கு என் கூலர் வண்டியில் போகும். நடுவில் நின்றால் பழைய கூலர். மறு வாய்ப்பு இல்லை, ஏழரைக்கு டிராக் வேறொரு கல்லூரிக்கு, அவர்கள் வண்டி இப்போதே லாரியிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. இதோ வருகிறான் பரிதி. அந்தச் சத்தம் முதலில் பனியிலிருந்து வருகிறது, அப்புறம் வண்டியின் மூக்கு, அப்புறம் அவனுடைய வெள்ளைத் தலைக்கவசம், சரக்கென்று தாண்டிப் போனபின் என் சட்டை ஒரு தடவை உடம்போடு ஒட்டி விலகுகிறது. ஐந்து. தொண்ணூற்றாறு.

ஜெயித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஜெயித்துப் பழக்கம் உண்டு என்று இவர்கள் நினைக்கிறார்கள், வாயாடி ஜெயிப்பதையெல்லாம் ஜெயிப்பு என்று எண்ணுகிறவர்கள். அணியில் இருபத்திரண்டு பேர், பெண் நான் ஒருத்தி, எனக்கு வைத்திருக்கிற பெயர் பட்டிமன்றம். மோகனப்பிரியா என்று வருகைப் பதிவேட்டில்தான் இருக்கிறது. ஏ பட்டிமன்றம் அந்த டேப்லெட்டக் குடு, பட்டிமன்றம் வந்தாச்சு எல்லாரும் நடுவருக்கு வணக்கம் சொல்லுங்க. கோபப்பட்டால் அதற்கும் ஒரு கைதட்டல். இங்கே இருப்பது நாங்கள் மூன்று பேர்: கையில் எண் அட்டைகளோடு சுவரோரம் சிபி, அவன்தான் அணித்தலைவன், அவனுக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் மப்ளர் சுற்றிய அர்த்தநாரி சார், நான். பெயர் அர்த்தநாரி. பாதி பெண். திருச்செங்கோட்டு மலை மேல் இருக்கிற சாமியின் பெயரை வைத்துக்கொண்டு இந்த மனிதர் நேற்றுச் சாயங்காலம், வேண்டாம், அதை இப்போது நினைக்கக் கூடாது, எண்ணைப் பார். எண்ணெய் பிரஷரும் நன்றாக இருக்கிறது. வலது திருப்பத்தில் கொஞ்சம் தாழ்ந்து நேர்க்கோட்டில் எழும்புகிறது, அது இயல்புதான், திருப்பத்தில் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கும். அடி வயிறு இழுக்கிறது. இரண்டாம் நாள். மாத்திரை போட்டு மூன்று மணி நேரமாகிறது. நின்றுகொண்டே இருந்தால் தொடை வரை வலி இறங்குகிறது, உட்காரலாம், உட்கார்ந்தால் சார் பார்ப்பார், பார்த்து, முடியலையாம்மா என்பார், அந்த அம்மாவில் இருக்கிற அக்கறையை என்னால் தாங்க முடியாது, வலியையாவது தாங்கலாம்.

சிபி ஆறு என்ற அட்டையை எடுத்துச் சுவருக்கு மேலே நீட்டினான். பரிதி அதைப் பார்த்துக்கொண்டே போனான். அட்டை திரும்பி வந்தபோது அதன் ஓரத்தில் சிவப்பாக ஒரு விரல் ரேகை. வெள்ளை அட்டையில் தெளிவாக, பத்திரத்தில் கைநாட்டு வைத்த மாதிரி. ரத்தமோ என்றுதான் முதலில் நினைத்தேன், நம் புத்தி எங்கே போகும். "கையில என்னடா?" என்றேன். அவன் விரலைப் பார்த்துக்கொண்டான். "குங்குமம். காலைல நட்டெல்லாம் தொட்டுப் பாத்தேன்ல, கிரீஸோட அப்பிக்கிச்சு. சோப்பு போட்டும் போவல" என்று பேண்ட்டில் தேய்த்தான். அவ்வளவுதான் அவன் சொன்னது. சாதாரணமாகச் சொன்னான். நட்டைத் தொட்டால் விரலில் சிவப்பு ஒட்டாது. ஒட்டக் கூடாது. என் சிவப்பு ஒட்டாத சிவப்பு. அது நகப்பாலிஷ். பட்டறையில் பெயிண்ட் பேனா காய்ந்துபோனதிலிருந்து நான் கொண்டுவந்த வழக்கம் அது, நட்டை அளவு ஸ்பேனரால், போதுமான இறுக்கம் வந்துவிட்டது என்று அது டக்கென்று சத்தம் போடும்வரை இறுக்கு, உடனே நட்டின் மேலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் குறுக்கே ஒரு கோடு போடு, நட்டு ஒரு மயிரிழை கழன்றாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். நகத்துக்குப் போட்டதே இல்லை நான், நட்டுக்குத்தான். நட்டுக்கெல்லாம் மேக்கப்பா என்று ஒரு வாரம் கேலி செய்துவிட்டு அவர்களும் பழகிக்கொண்டார்கள். சிவப்பு இருந்தால் இறுக்கியாயிற்று. சிவப்பு இல்லையென்றால் இல்லை. கேள்வியே வேண்டாம், சிவப்பைப் பார், அடுத்ததுக்குப் போ. அது என் விதி. அந்த விதியின்மேல் நேற்று வண்டிப் பூஜையில் அர்த்தநாரி சார் ஒரு கிண்ணம் குங்குமத்தைக் குழைத்துக்கொண்டு வந்து சக்கரத்துக்கு ஒன்று, ஸ்டியரிங்குக்கு ஒன்று, கூலருக்கு ஒன்று, கண்ணில் பட்ட நட்டுக்கெல்லாம் ஒவ்வொன்று என்று வைத்துக்கொண்டே போயிருக்கிறார். இன்று காலை ஐந்தரைக்கு டார்ச் வெளிச்சத்தில் பட்டியலைப் படித்தது யார்? நான். தொட்டுப் பார்த்துச் சொன்னது சிபி. மேல் நட்டு? செவப்பு இருக்கு. கீழ் நட்டு? செவப்பு இருக்கு. நான் டிக் போட்டேன். பட்டியல் என் கையெழுத்து, டிக் என் பேனா. எந்தச் சிவப்பு என்று நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்கிற நான்.

கீழ் நட்டு. கூலரிலிருந்து எண்ணெய் இன்ஜினுக்குத் திரும்புகிற ஹோஸைப் பிடித்துக்கொண்டிருக்கிற நட்டு. நேற்று நாலரைக்கு அதைத்தான் இறுக்கிக்கொண்டிருந்தேன், கையால் திருகி முடித்து ஸ்பேனரை நட்டின்மேல் வைத்திருந்தேன், அப்போதுதான் சார் பின்னால் வந்து நின்றார். "அம்மிணி." கோயமுத்தூரில் அம்மிணி என்றால் செல்லம், அம்மிணி என்றால் நீ சின்னவள், அம்மிணி என்றால் நான் சொல்லப்போவதை நீ எதிர்த்துப் பேசக் கூடாது. "அம்மிணி, பூஜை முடியற வரைக்கும் வண்டியத் தொடாம சித்த அக்கட்டால தள்ளி இருக்கறயா?" ஏனுங்க சார் என்றேன், உண்மையிலேயே புரியாமல். அவர் சிபியைப் பார்த்தார். சிபி தரையைப் பார்த்தான். மத்தியானம் மாத்திரை வாங்கப் போக அவனிடம்தான் பைக் சாவி கேட்டிருந்தேன், எதுக்கு என்றான், பீரியட்ஸ் என்றேன், வயிற்றுவலி தலைவலி என்று பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது, கொள்கை, ஒளிக்க என்ன இருக்கிறது என்று மேடையிலேயே பேசினவள். அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஸ்பேனரைக் கீழே வைத்தேன். அதுதான், அந்த இடம்தான், ஸ்பேனரைக் கீழே வைத்தேன், வைக்கிறதுக்கு முன்னால் டக் வந்ததா? பேசினேன். நன்றாகப் பேசினேன் என்று இப்போதும் சொல்வேன். "சார், ஆறு மாசமா இந்தக் கூலரத் தொட்டுட்டுதான இருக்கறேன், ஆறு மாசத்துல எனக்கு ஆறு தடவ வந்துதுங்க, ஒரு தடவகூட கூலருக்கு ஒண்ணும் ஆவலையே?" என்றேன். யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தான். சாருக்குக் காது சிவந்துவிட்டது. "விஞ்ஞானத்துக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாத கண்ணு, இது ஒரு நம்பிக்கை." "நம்பிக்கைன்னா உங்களோட இருக்கட்டுங்க சார், என்ற ஒடம்புக்கு எதுக்கு வருது?" இருபது நிமிஷம். வாதம் வாதமாக, ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நின்று. கடைசியில் அவர் இரண்டு கையையும் தூக்கி, "சரிம்மா, நீயே ஜெயிச்ச, வந்து நில்லு" என்றார். அந்தக் குரலில் வந்து நிற்க முடியுமா? வெளிநடப்புச் செய்தேன். கண்டித்து. லேத் இருக்கிற கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றேன், தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது, கற்பூர வாசம் வந்தது, அப்போது உறைத்தது, அவர் என்னை எங்கே நிற்கச் சொன்னாரோ சரியாக அங்கேதான் நான் நிற்கிறேன் என்று. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இது எதிர்ப்பு, இது கீழ்ப்படிதல் என்று எப்படித் தெரியும்? இரண்டும் ஒரே ஆள், ஒரே கொட்டகை, ஒரே முதுகு.

ஏழு. தொண்ணூற்றேழு. ஒரு டிகிரி ஏறியிருக்கிறது, ஏறட்டும், வெயில் ஏறுகிறது. திரும்பி வந்து இறுக்கினேனா? ஆறு மணிக்குத் திரும்பி வந்தேன். வண்டி வெறுமே நின்றது, முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், பையன்கள் எல்லாம் டீக்கடைக்குப் போயிருந்தார்கள். ஸ்பேனர் வைத்த இடத்திலேயே இருந்தது. எடுத்தேன். எடுத்தேனா? ஜில்லென்று இருந்தது கைக்கு, அது ஞாபகமிருக்கிறது, ஆனால் ஸ்பேனர் எப்போதும் ஜில்லென்றுதான் இருக்கும். டக். அந்தச் சத்தம் காதில் இருக்கிறது, உள்ளங்கையில்கூட இருக்கிறது, அந்தச் சின்ன உதறல், ஆனால் அது மேல் நட்டின் டக்காக இருக்கலாம், மேல் நட்டை நாலு மணிக்கு இறுக்கினேன், அதில் சந்தேகமே இல்லை, ஒரு டக்கை எடுத்துக்கொண்டு போய் இரண்டு நட்டுக்கும் வைத்துப் பார்க்கிறேன், இரண்டுக்கும் பொருந்துகிறது. ஒவ்வொரு தடவை நினைக்கும்போதும் சத்தம் பெரிதாகிறது, உண்மையான சத்தம் இப்படிப் பெரிதாகாது. பாலிஷ் பாட்டிலைத் திறந்த வாசனை? பட்டறை முழுக்க கற்பூரம், ஊதுபத்தி, வாழைப்பழம், என் பாட்டிலின் வாசனையை நான் எங்கே தேடுவது. எட்டு மணிக்கு விடுதிக்கு நடந்து போனது தெரிகிறது, வழியெல்லாம் மனதுக்குள் சாரிடம் பேசிக்கொண்டே போனேன், விட்டுப்போன வாதங்கள், இன்னும் கூர்மையாகச் சொல்லியிருக்கலாம் என்கிற வாதங்கள். ஆறிலிருந்து எட்டு வரைக்கும்கூட அவரோடுதான் பேசிக்கொண்டிருந்தேனோ என்னவோ, கை என்ன செய்தது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு மணி நேரம் என் கை எங்கே இருந்தது? அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவளுக்குத் தன் கையைக் கவனிக்க நேரமில்லை. இதற்குத்தான் சொல்கிறார்களோ. எதற்குத்தான்? யார் சொன்னார்கள்? என்ன நினைக்கிறேன் நான்?

எட்டு. பரிதி போகிறான். அவனுடைய ரேஸ் உடுப்பு ஒரு அளவு பெரிசு, சீனியர் ஒருவனுடையது, காலையில் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் விரித்து, "எப்படி, கடை வாசல்ல பொம்மை வேஷம் போட்டு நிக்கறவன் மாதிரி இல்ல?" என்று ஆடிக் காட்டினான். அவன் இடது தோளுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி அந்த நட்டு. நட்டுக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் புகைக்குழாய், அது இப்போது செங்கல் நிறத்தில் கனன்றுகொண்டிருக்கும். கையால் மட்டும் திருகின நட்டு அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழலும். முதலில் ஒரு துளி. துளி தெரியாது, பிரஷரில் காட்டாது, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் காட்டும், கடைசி நிமிஷம் வரைக்கும் காட்டும், அப்புறம் ஹோஸ் தெறித்து, நூறு டிகிரி எண்ணெய், கனன்ற குழாய், பெரிசான அந்த உடுப்பு. கண்ணை மூடினால் அந்த உடுப்பு மட்டும் தெரிகிறது, உள்ளே அவன் இல்லை. "சிபி" என்றேன். "வண்டிய உள்ள கூப்பிடு." "எதுக்கு?" "கீழ் நட்டு எறுக்கல போலிருக்கு." "செவப்பு இருந்துச்சே." "அது குங்குமம்டா! உன்ற விரலப் பாரு!" விரலைப் பார்த்தான், டேப்லெட்டைப் பார்த்தான். "பிரஷர் கல்லாட்டம் நிக்குது. லீக்கானா காட்டாதா?" "கடைசிலதான் காட்டும்." "எறுக்கலன்னு உனக்குத் தெரியுமா?" தெரியுமா? "எறுக்கினேன்னு தெரியல" என்றேன். அவன் சிரித்துவிட்டான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை அவனுக்கு. "ஏ பட்டிமன்றம், ரெண்டு பக்கமும் நீயேதான் பேசுவயா? தொண்ணூத்தேழு காட்டுது, உன்ற கூலரு, நீ சொன்னதுதான் சரின்னு நானே ஒத்துக்கறேன், போதுமா? இன்னும் ஏழு ரவுண்டு. இப்ப நிறுத்துனா சார் பழசத்தான் போடச் சொல்லுவாரு. சும்மா இரு." ஒன்பது அட்டையை எடுத்தான். நாற்காலியிலிருந்து சார், "என்னம்மா அங்க?" என்றார்.

ஒண்ணுமில்லைங்க சார் என்றேன். இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஒன்பதாவது சுற்றில் ஒண்ணுமில்லை என்றேன், பத்தாவதில் வாயைத் திறக்கவில்லை, பதினொன்றிலும் இல்லை. மூன்று சுற்று, நாலரை நிமிஷம், பரிதியின் முதுகை ஒரு தட்டிலும் என் வாதத்தை இன்னொரு தட்டிலும் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏனென்றால் நட்டு கழன்றிருந்தால், நிறுத்திப் பார்த்து அது கழன்றிருந்தால், அவர் ஒன்றும் சொல்லக்கூட வேண்டியதில்லை. சும்மா பார்த்தாலே போதும். நேத்து தொடாதேன்னு சொன்ன நாள்ல தொட்ட நட்டு. ஊரெல்லாம் சொல்லும். அடுத்த வருஷம் எவளாவது ஒருத்தி பட்டறை வாசலில் வந்து நிற்கும்போது அவளுக்கும் சொல்வார்கள், முன்னால ஒரு அம்மிணி இருந்துச்சு, நல்லாப் படிக்கற புள்ளதான், என்று. ஆறு தடவை வந்தது கூலருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றேனே, இதோ ஏழாவது. அதற்காக ஒருத்தன் எரியலாமா? எரியமாட்டான், டக் கேட்டது எனக்கு. கேட்டதா? பதினொன்றில் அவன் தாண்டும்போது ஏதோ ஒரு வாசனை வந்தது, எண்ணெய் கருகுகிற வாசனை, அல்லது அடுத்த கல்லூரிக்காரர்கள் வண்டியைத் திருகிப் பார்க்கிறார்களே அதிலிருந்து, அல்லது பனியிலேயே இருக்கிற வாசனை. சுவரில் ஒரு கம்பியில் சிவப்புக் கொடி சொருகியிருந்தது. அதை எடுத்தது எனக்குத் தெரியும். எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தது தெரியாது. சிபி, ஏய் ஏய் என்று ஓடி வந்தான், நான் சுவரில் ஏறி முழங்கால் சிராய்த்துக்கொண்டு இரண்டு கையாலும் வீசினேன், பன்னிரண்டாவது சுற்றின் கடைசி நேர்க்கோட்டில் பரிதி என்னைப் பார்த்துவிட்டான், சத்தம் இறங்கியது, ஒரு பெரிய விலங்கு படுப்பது மாதிரி படிப்படியாக இறங்கி வண்டி உள்ளே வந்தது, நின்றது. திரையில் தொண்ணூற்றெட்டு.

பக்கக் கூட்டின் மூடியை நானே கழற்றினேன், கைக்குட்டை சுற்றிக்கொள்ளத் தோன்றவில்லை, இரண்டு விரல் சுட்டது. எண்ணெய் எங்கும் இல்லை. ஹோஸ் காய்ந்து கிடந்தது. கீழ் நட்டின்மேல் குங்குமம், சூட்டில் கறுத்து, விரலளவு வட்டமாக. சிபி டார்ச் அடித்தான். சார் எழுந்து வந்து பின்னால் நின்றார். பெட்ரோல் துணியால் குங்குமத்தைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க அடியிலிருந்து அது வந்தது, மெல்லிசாக, நட்டின் மேலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் ஒரே கோடாக, நான் போடுகிற மாதிரியே இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து, எங்கேயும் உடையாமல். என் கோடு. ஸ்பேனரை வைத்துத் திருகினேன். நட்டு அசையவில்லை. டக் என்றது. இன்னொரு தடவை வைத்தேன், டக். நேற்று ஆறு மணிக்கு அந்தக் காலிப் பட்டறையில் நான் திரும்பி வந்திருக்கிறேன், ஸ்பேனரை எடுத்திருக்கிறேன், இறுக்கி, கோடு போட்டு, பாட்டிலை மூடியிருக்கிறேன், எப்போதும் செய்கிற மாதிரி ஒழுங்காக, அதற்கும் அப்புறம் சார் இன்னொரு சுற்றுக் குங்குமம் வைத்திருக்கிறார், அல்லது வேறு யாரோ. கை தன் வேலையைச் செய்திருக்கிறது. நான்தான் நம்பவில்லை. எதையெல்லாம் பொய் என்று இருபது நிமிஷம் நின்று வாதாடினேனோ அதையேதான் மூன்றாவது ஆளாக நின்று என் கையைப் பார்த்து நான் நினைத்திருக்கிறேன், தொடக்கூடாத நாளில் தொட்ட கை, அது எங்கேயோ தப்பு செய்திருக்கும் என்று. அவர் வாயால் சொன்னதை என் வாய் ஒப்புக்கொள்ளவில்லை. உள்ளே எதுவோ ஒப்புக்கொண்டுவிட்டது, எந்த நிமிஷம் என்றுகூட எனக்குத் தெரியாமல்.

பரிதி தலைக்கவசத்தைக் கழற்றினான், முடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருந்தது. "லூசா?" என்றான். இல்லை என்றேன். "அப்பறம் எதுக்கு நிறுத்துன? வண்டி என்னமா போச்சு தெரியுமா? தொட்டா வழுக்கற மாதிரி போச்சு." மூன்று சுற்றுதான் பாக்கி சார், இப்பவே திரும்ப விட்டா என்று சிபி மணியைப் பார்த்தான், அதற்குள் அடுத்த கல்லூரிக்காரன் ஒருவன் வந்து, "அண்ணா, எங்க டைம் ஆரம்பிச்சிருச்சுங்க" என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். விட்டாலும் பன்னிரண்டும் மூன்றும் பதினைந்து ஆகாது, நடுவில் நிற்காமல் என்று எழுதியிருக்கிறது, அந்த வரியை எழுதச் சொல்லி அடம்பிடித்தவளே நான்தான், அப்போதுதான் யாரும் குறை சொல்ல முடியாது என்று. சார் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "பரவால்ல. பழைய கூலரையே மாட்டிக்கலாம், போட்டிக்கு மெதுவா ஓட்டிட்டு வந்துடுங்க" என்றார் சிபியிடம். அவன், "தொண்ணூத்தெட்டுதாங்க சார் காட்டுச்சு, அதையாவது…" என்று ஆரம்பித்தான், எனக்காக அவன் பேசி நான் கேட்பது அதுதான் முதல் தடவை, முடிக்கவில்லை, மூடியைப் பொருத்தக் குனிந்துவிட்டான். சார் என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று இருந்தேன், திட்டினால் பிடித்துக்கொள்ள ஒரு நுனி கிடைக்கும். அவர் முகத்தில் கோபமே இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, பையன்களுக்குக் கேட்கக் கூடாது என்று, அவ்வளவு கவனமாக, "மனசுல வெச்சுக்காத அம்மிணி. இந்த மாதிரி நாள்ல அப்படித்தான் இருக்கும். எங்க வீட்டுலயும் அந்த மூணு நாளைக்கு கேஸ அணைச்சமா அணைச்சமான்னு நாலு தடவ போய்ப் பாப்பாங்க" என்றார்.

"ஆமாங்க சார்" என்றேன்.

குனிந்திருந்த சிபி நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கையில் ஸ்க்ரூவைப் பிடித்தபடி அப்படியே காத்து நின்றான், 'ஆனா' என்று நான் தொடங்குவதற்காக.